ஆற்றோட்டத்தில் உல்லன் இரை: ஸ்டீல்ஹெட் தூண்டில் கட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சியாட்டில், போர்ட்லாந்து, வான்கூவர் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் கோடையில் ஏரிக்கரையில் உட்கார்ந்து தக்கை போட்டு மீன் பிடித்துப் பழகியிருப்பார்கள். நவம்பர் மழை தொடங்கி ஆறுகளில் ஸ்டீல்ஹெட் ஏற ஆரம்பித்ததும், அந்தப் பழக்கம் மட்டும் போதாது என்பது தெரிந்துவிடும். தூண்டில் முள்ளில் உல்லன் நூல் துண்டை இரையாகக் கட்டி வீசும் ட்ரிஃப்ட் முறை அப்போதுதான் கைகொடுக்கும். அது பற்றி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாம் கரையில் நின்று வீசுகிறவர்களுக்கானவை. படகு வைத்திருப்பவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு.

ட்ரிஃப்ட் முறை என்றால் என்ன?

இரையை ஆற்றின் அடிமட்டத்தை ஒட்டி, ஓட்டம் போகிற போக்கில் மிதந்து போக விடுவதுதான் ட்ரிஃப்ட். தூண்டில் நரம்பில் ஒரு சின்ன ஈயத்துண்டு இருக்கும். அது கூழாங்கற்களின் மேல் தட்டித் தட்டி உருண்டு போகும். அதற்குப் பின்னால் இரண்டு, இரண்டரை அடி தள்ளி, தரையிலிருந்து சற்று உயரத்தில் முள்ளும் உல்லனும் வரும். இழுத்துச் சுற்றும் வேலை கிடையாது, இரையை அசைக்கும் வேலையும் கிடையாது. ஆறு தானே இரையை மீனின் வாய்க்குக் கொண்டுபோகும்.

ஸ்டீல்ஹெட் எந்த மீன்? சால்மனா, ட்ரவுட்டா?

ரெயின்போ ட்ரவுட்தான். அதே இனத்தில் ஆற்றிலேயே தங்கிவிடும் மீன் ரெயின்போ, கடலுக்குப் போய்ப் பெருத்துத் திரும்பும் மீன் ஸ்டீல்ஹெட். நீலகிரியின் மேட்டு ஓடைகளில் வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட்டும், அவலாஞ்சி பொரிப்பகத்தில் வளர்வதும் இதே இனம்தான். ஊட்டிப் பக்கம் கையளவில் பார்த்த மீனின் உறவுக்காரர் இங்கே எட்டுப் பத்து பவுண்டில் பளபளவென்று வெள்ளியாக வந்து நிற்பார்.

குளிர்கால மீன் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஏறும். பொரிப்பகத்தில் வளர்த்து விட்டவை பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வரும். ஆற்றிலேயே பிறந்த காட்டு மீன்கள் பிப்ரவரிக்கு மேல் அதிகம். பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட் அப்படியல்ல, சில மீன்கள் கடலுக்குத் திரும்பிப் போய் மறுபடியும் வரும். கீழே மீனை விடுவது பற்றிச் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

வெறும் உல்லன் துண்டை மீன் ஏன் கடிக்கிறது?

இரண்டு காரணங்கள். முதலாவது, ஆற்றில் முட்டை மிதந்து வருவது அதற்குப் பழகிய காட்சி. சால்மன் முட்டையிடும் இடங்களிலிருந்து கழன்ற முட்டைகள் அடிமட்டத்தில் உருண்டு வரும். குஞ்சாக இருந்த காலத்திலிருந்தே அதைத் தின்று வளர்ந்த மீன் இது. கடலிலிருந்து திரும்பியபின் அதிகம் சாப்பிடாது. ஆனாலும் ஆரஞ்சு, ரோஸ் நிறத்தில் உருண்டையாக ஏதாவது முகத்துக்கு நேரே வந்தால் வாயில் வாங்கிப் பார்க்கும்.

இரண்டாவது காரணம்தான் உல்லனின் தனிச்சிறப்பு. மீனுக்குக் கை கிடையாது, எதையும் வாயில் வைத்துத்தான் சோதிக்கும். இரை பொய் என்று தெரிந்த நொடியே துப்பிவிடும். கடினமான பிளாஸ்டிக் மணியாக இருந்தால் அந்தத் துப்பல் உங்கள் கைக்குத் தெரியவே தெரியாது. உல்லன் இழை அதன் பொடிப் பற்களில் சிக்கிக்கொள்ளும். துப்ப முயன்றாலும் ஒரு கணம் தாமதமாகும். அந்தத் தாமதத்தில்தான் நாம் மீன் பிடிக்கிறோம். நிறம், வாசனை, விலை உயர்ந்த ராடு (தூண்டில் கழி) எல்லாம் இதற்குப் பிறகுதான் என்பது என் கருத்து.

வீட்டில் ஸ்வெட்டர் பின்னும் உல்லன் இருக்கிறது. அது போதுமா?

முடிச்சுப் போட்டுப் பழக அது நல்லது. ஆற்றுக்கு வேண்டாம். உண்மையான கம்பளி தண்ணீரைக் குடித்துக் கனத்து, ஒட்டிப்போன திரி மாதிரி ஆகிவிடும். பின்னல் நூல் முறுக்கேறியது என்பதால் வெட்டினாலும் விரியாது. மீன்பிடிக் கடையில் இதற்கென்றே விற்கும் செயற்கை நூல் முறுக்கில்லாமல் இழை இழையாக இருக்கும். ஒரே வெட்டில் பூவாக விரியும். தண்ணீருக்குள்ளும் அந்த உப்பல் ஓரளவு நிற்கும். நிறமும் கலங்கல் தண்ணீரில் ஒளிர்கிற மாதிரிச் சாயம் ஏற்றியது. ஒரு பாக்கெட் வாங்கினால் ஒரு பருவத்துக்கு மேல் வரும்.

முள் என்ன அளவு வாங்குவது?

குளிர்காலத்தில் சாதாரண நீர்மட்டத்துக்கு 2-ஆம் எண்ணும் 1-ஆம் எண்ணும் போதும். ஆறு பெருகிக் கலங்கலாக இருந்தால் 1/0. கோடையில் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும்போது 4. எண் கூடக் கூட முள் சின்னதாகும் என்பதை மட்டும் கவனியுங்கள். 4 என்பது 2-ஐவிடச் சிறியது. 1-க்கு அப்புறம் 1/0, 2/0 என்று பெரிதாகிக்கொண்டே போகும்.

வகை என்று பார்த்தால் ஆக்டோபஸ் என்ற பெயரில் விற்பதை எடுங்கள். தண்டு குட்டை, வளைவு அகலம், கண் நுனிக்கு எதிர்ப்பக்கமாகச் சற்று மடங்கியிருக்கும். இந்த மடக்கு இருப்பதால்தான் நரம்பு தண்டோடு ஒட்டி நேராக இழுக்கும். கமகட்சு, ஓனர், மஸ்டாட் என்ற மூன்று கம்பெனிகளின் முள்ளுமே நன்றாக இருக்கின்றன. விலை மலிந்த முள்ளை மட்டும் வாங்காதீர்கள். ஸ்டீல்ஹெட்டின் தாடை எலும்பு கெட்டி, மழுங்கிய முள் அதில் வழுக்கிவிடும்.

எதிர்முள்ளை நசுக்கிவிட வேண்டுமா?

ஆமாம். நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் அந்தச் சின்னக் குத்தைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆறுகளில் எதிர்முள் இல்லாத ஒற்றை முள் கட்டாயம். வாஷிங்டனிலும் பல ஆறுகளில் அப்படித்தான். விதி இல்லாத இடத்திலும் நசுக்குங்கள். நரம்பைத் தொய்ய விடாமல் வைத்திருந்தால் மீன் தப்பாது, உங்கள் விரலில் ஏறிய முள்ளும் எளிதாக வெளியே வரும்.

எக் லூப் முடிச்சு எப்படிப் போடுவது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்வதாக இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். முள்ளின் தண்டில் நரம்பைச் சுற்றிக் கட்டும்போதே, தேவைப்பட்டால் திறந்து மூடக்கூடிய ஒரு கண்ணியையும் வைத்துவிடும் முடிச்சு இது. அந்தக் கண்ணியில் உல்லன் நிற்கும், மீன் சினையும் நிற்கும்.

மூன்றரை அடி லீடர் நரம்பு (முதன்மை நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவே வரும் தனித் துண்டு) வெட்டிக்கொள்ளுங்கள். முள்ளின் கண்ணை மேலே வைத்து, இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். நரம்பின் ஒரு முனையை வெளியிலிருந்து கண்ணுக்குள் விட்டு, தண்டோடு ஒட்டி வளைவு வரை படுக்க வையுங்கள். இப்போது கண்ணுக்கு வெளியே நிற்கும் நீண்ட பக்கத்தை எடுத்து, தண்டையும் அதன்மேல் படுத்திருக்கும் முனையையும் சேர்த்து, கண்ணுக்குக் கீழிருந்து வளைவை நோக்கிப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். ஒரு சுற்றின்மேல் இன்னொன்று ஏறக்கூடாது. பக்கத்தில் பக்கமாக உட்கார வேண்டும்.

சுற்றுகளை விரலால் அழுத்திப் பிடித்தபடியே, நரம்பின் மறு முனையைக் கொண்டுவாருங்கள். இந்த முறை தண்டின் பக்கமிருந்து கண்ணுக்குள் விட்டு வெளியே எடுங்கள். முழுவதும் இழுத்துவிட வேண்டாம். முள்ளுக்குக் கீழே கையகலத்துக்கு ஒரு வளையம் தொங்கட்டும். வளையத்தின் ஒரு கால் கடைசிச் சுற்றிலிருந்து வருகிறது, இன்னொரு கால் தண்டோடு மேலேறிக் கண் வழியே போகிறது. கடைசிச் சுற்றிலிருந்து வரும் காலைப் பிடித்து, தண்டையும் மற்றக் காலையும் சேர்த்து மேலும் ஆறேழு சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வளையம் முள்ளின் நுனியைத் தாண்டி வர வேண்டும். தொடக்கத்தில் எல்லாருக்கும் தடுமாறும் இடம் இதுதான். வளையத்தைச் சின்னதாக வைத்தால் நுனியில் மாட்டிக்கொள்ளும், பெரிதாக வைத்தால் முறுக்கிக்கொள்ளும்.

சுற்றி முடித்ததும் எச்சிலால் நனைத்து, விரலை எடுக்காமல், கண் வழியே போன நீண்ட முனையை மெல்ல இழுங்கள். வளையம் சுருங்கிச் சுற்றுகளுக்குள் போய்விடும். வளைவுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முதல் முனையைக் கொஞ்சம் விட்டு நறுக்குங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, லீடரைக் கண்ணுக்குள் திருப்பித் தள்ளிப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே, முதல் சுற்றுகளின் மேல் ஒரு கண்ணி எழும்பும். இழுத்தால் படுத்துவிடும். எழும்பவில்லை என்றால் இரண்டாவது முறை சுற்றும்போது இரண்டு கால்களையும் மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள்.

உல்லனை எவ்வளவு வைப்பது, எப்படி வைப்பது?

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதிகமாகத்தான் வைப்பார்கள். கையில் பார்க்கச் சின்னதாகத் தெரியும், தண்ணீரில் அதுவே பந்தாக நிற்கும். அளவு இது: உலர்ந்திருக்கும்போது கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. நனைந்தால் அது ஒரு பட்டாணிக்கும் சுண்டைக்காய்க்கும் நடுவில் வந்து நிற்கும்.

ஒன்றரை அங்குலத்துக்கு நூலை வெட்டுங்கள். பென்சில் பருமனுக்கு மேல் வேண்டாம். கண்ணியைத் திறந்து, நூலைக் குறுக்காக, நடுப்பகுதி கண்ணிக்குள் வரும்படி வைத்து லீடரை இழுத்து இறுக்குங்கள். இறுகும்போது இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இரண்டு நுனிகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கண்ணின் பக்கமாக மேலே இழுத்துப் பிடித்து, கூரான கத்தரிக்கோலால் ஒரே வெட்டு. ஒரே வெட்டு என்பது முக்கியம். கடித்துக் கடித்து வெட்டினால் வால் வாலாக நிற்கும். சரியாக வெட்டினால் விட்ட கணமே உப்பிக்கொண்டு உருண்டையாகும். ஊசியாலோ பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலோ இழைகளைக் கொஞ்சம் பிரித்துவிடுங்கள்.

இப்போது முள்ளைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நுனிக்கும் தண்டுக்கும் இடையிலான வெளி திறந்திருக்க வேண்டும். இழை அந்த வெளியை அடைத்தால் மீன் கடிக்கும், முள் ஏறாது. வளைவைத் தாண்டித் தொங்கும் இழைகளையும் நறுக்கிவிடுங்கள். வாலை மட்டும் கவ்விவிட்டுப் போக இடம் கொடுக்கக் கூடாது.

இரண்டு நிறம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் பாதிப் பருமன் எடுத்துச் சேர்த்து வையுங்கள். மொத்தப் பருமன் கூடக்கூடாது.

கார்க்கி என்கிறார்களே, அந்த உருண்டை அவசியமா?

அவசியமில்லை, ஆனால் உதவும். லில் கார்க்கி என்பது வாஷிங்டனின் கிரேஞ்சரில் இருக்கும் யாக்கிமா பெய்ட் கம்பெனி தயாரிக்கும் மிதக்கும் உருண்டை. முள்ளுக்கு மேலே லீடரில் கோத்துவிட்டால் கனமான முள்ளைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கும். இதிலும் எண் கூடினால் உருண்டை சின்னது. 2-ஆம் எண் முள்ளுக்கு 12-ஆம் எண் உருண்டை எனக்குப் பொருத்தமாக இருக்கிறது.

மிதப்பு சரியா என்று ஊகிக்க வேண்டாம். கரையோரம் ஓட்டமில்லாத தண்ணீரில் முள், உல்லன், கார்க்கி மூன்றையும் ஈயமில்லாமல் போட்டுப் பாருங்கள். கல்லாக மூழ்கினால் பெரிய உருண்டை வேண்டும். மேலேயே மிதந்தால் சின்னதாக்குங்கள். மெதுவாக, மனமில்லாமல் இறங்குவதுபோல் இறங்கினால் அதுதான் சரி.

தண்ணீர் தெளிந்து மட்டம் குறைந்திருக்கும்போது கார்க்கியைக் கழற்றிவிட்டு வெறும் உல்லனோடு வீசுவது என் வழக்கம்.

லீடர் எவ்வளவு நீளம் இருக்கணும்?

கலங்கலில் 18 அங்குலம், சாதாரணமாக 24 முதல் 30, கண்ணாடித் தண்ணீரில் 36. அதற்கு மேல் போகாதீர்கள்.

இதில் நான் கண்டிப்பானவன், காரணமும் சொல்கிறேன். லீடரை எட்டடி, பத்தடி என்று நீட்டினால் அது ஆற்றின் குறுக்கே அரிவாளாக வாரிக்கொண்டு போகும். மூச்சுக்காக வாய் திறந்து மூடும் மீனின் வாய்க்குள் நரம்பு நுழையும், பின்னாலேயே முள் வந்து வெளியிலிருந்து குத்தும். மீன் கடிக்கவே இல்லை! ஃபிரேசர் ஆற்றில் சாக்கை சால்மன் பருவத்தில் இப்படிப் பிடிப்பது பல வருடங்களாகப் பெரிய சர்ச்சை. பார்க்க நம் ட்ரிஃப்ட் போலவே இருக்கும், ஆனால் அது வேறு. உல்லன் வைப்பதே மீன் தானாக வந்து வாயில் வாங்கட்டும் என்றுதான். நீள லீடர் போட்டுவிட்டால் உல்லனுக்கு அங்கே வேலையே இல்லை.

வலிமை: முதன்மை நரம்பு 12 முதல் 15 பவுண்டு என்றால் லீடர் 8 முதல் 10. லீடர் எப்போதும் ஒரு படி பலவீனமாக இருக்க வேண்டும். பாறையில் மாட்டினால் அது மட்டும் அறுந்து மற்றதெல்லாம் கைக்குத் திரும்பும்.

ஈயத்தை எப்படி மாட்டுவது? எவ்வளவு?

பென்சில் ஈயம் என்று சுருளாக விற்கும் கம்பியை இரண்டு மூன்று அங்குலமாக வெட்டி, ஸ்விவலில் (இரண்டு பக்கமும் கண் உள்ள, சுழலும் சின்ன உலோக இணைப்பு) தொங்கும் சின்ன ரப்பர்க் குழாயில் செருகுவது பழைய, நம்பகமான முறை. பாறை இடுக்கில் மாட்டினால் ஈயம் மட்டும் குழாயிலிருந்து உருவிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும், மற்றது கைக்கு வரும். இன்னொன்று ஸ்லிங்கி. பாராசூட் கயிற்று உறைக்குள் ஈய மணிகளை நிரப்பி இரண்டு பக்கமும் உருக்கி மூடியது. வளைந்து நெளியும் என்பதால் பெரிய பாறைகள் நிறைந்த ஆற்றுக்கு இது மேல்.

எடை எவ்வளவு என்று எண்ணாகச் சொல்ல முடியாது. ஓட்டமும் ஆழமும் சொல்லும். ஒவ்வொரு ஓரிரு அடிக்கும் ஒரு தட்டல் கையில் தெரிந்தால் சரியான எடை. தட்டலே இல்லையென்றால் கொஞ்சம் கூட்டுங்கள். இழுத்து இழுத்து நின்றால் அரை அங்குலம் நறுக்கிவிடுங்கள். ஒரே ஆற்றில் அடுத்த மடுவுக்குப் போனாலே எடையை மாற்ற வேண்டிவரும். சோம்பல்படாமல் மாற்றுகிறவருக்கு மீன் கிடைக்கும்.

ஈயம் நஞ்சு. அதை விழுங்கும் நீர்ப்பறவைகள் செத்துப்போகின்றன. லூன் பறவைகள் கூடு கட்டும் சில ஏரிகளில் வாஷிங்டன் மாநிலம் சிறு ஈய எடைகளைத் தடை செய்திருக்கிறது. எஃகு, வெள்ளீயம், டங்ஸ்டன் எடைகள் இப்போது கிடைக்கின்றன. ஆற்றில் எடையை இழக்காமல் இந்த முறையில் பிடிக்க முடியாது என்பதால் நான் அவற்றுக்கு மாறச் சொல்வேன்.

எல்லாவற்றையும் எந்த வரிசையில் கட்டுவது?

முதன்மை நரம்பின் முனையில் ஸ்விவல். எடை அந்த ஸ்விவலிலேயே, அல்லது அதற்குச் சற்று மேலே நரம்பில் ஓடும் கொக்கியில். ஸ்விவலின் மறு கண்ணில் லீடர். லீடரில் கார்க்கி, கடைசியில் உல்லன் வைத்த முள். அவ்வளவுதான். இடையில் மணி, கரண்டி வடிவ உலோக இரை என்று எதையும் சேர்க்காதீர்கள்.

ராடு எட்டரை முதல் ஒன்பதரை அடி வரை, நுனி மென்மையாக, அடி உறுதியாக இருந்தால் நல்லது. ரீல் (நரம்பு சுற்றும் உருளை) ஸ்பின்னிங் வகையா, பெய்ட்காஸ்டர் வகையா என்பது உங்கள் கைப்பழக்கம்.

எங்கே நின்று, எப்படி வீசுவது?

மனிதன் சாதாரணமாக நடக்கும் வேகத்தில் ஓடும் தண்ணீரைத் தேடுங்கள். ஆழம் மூன்று முதல் எட்டு அடி. வேக ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசும் கோடு, பெரிய பாறைக்கு முன்னும் பின்னும், மடு ஆழம் குறைந்து மறுபடி சலசலக்கத் தொடங்குவதற்குச் சற்று முந்தைய பகுதி, இந்த இடங்களில் மீன் ஓய்வெடுக்கும். நுரை தள்ளும் பாய்ச்சலிலும் அசையாத சுழியிலும் நேரத்தைப் போக்காதீர்கள்.

நேர் எதிரே இல்லாமல், ஆறு வரும் பக்கமாக, சற்று மேற்புறம் சாய்த்து வீசுங்கள். ஈயம் தரையைத் தொட்டதும் தொய்வை மட்டும் சுற்றி எடுத்து, ராடு நுனியை உயர்த்தி, இரை போகும் வேகத்திலேயே நுனியால் பின்தொடருங்கள். முன்னே இழுக்கவும் கூடாது, பின்னே தொங்க விடவும் கூடாது. நரம்பு ஓட்டத்தில் வளைந்து வில்லாகிவிட்டால் இரை வேகமாகிவிடும். அப்போது ராடை மேல்புறமாகப் புரட்டி நரம்பைத் தூக்கி வையுங்கள். கீழே போய் இரை கரைப்பக்கம் திரும்பும் கடைசிச் சில விநாடிகளில் அவசரப்பட்டுச் சுற்றிவிடாதீர்கள், பல மீன்கள் அங்கேதான் கடிக்கும்.

முதலில் கால்மாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அப்புறம் ஒவ்வொரு வீச்சுக்கும் இரண்டடி கூட்டுங்கள். வந்ததும் தொடை வரை இறங்கி நிற்கிறவர்கள், மீன் படுத்திருக்கும் இடத்தின் மேலேயே நிற்கிறார்கள். முழுதும் அலசியபின் நாலு எட்டு கீழே நகருங்கள்.

போகும்முன் நீர்மட்டம் பாருங்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் அளவுமானிகள் பெரும்பாலான ஆறுகளுக்கு நேரடியாகக் காட்டும். ஏறுகிற ஆற்றுக்குப் போகாதீர்கள். வெள்ளம் வடிந்து, கலங்கல் தெளிந்து, தண்ணீர் பச்சை நிறத்துக்கு வரும் நாள்தான் நாள். ஸ்கைகோமிஷ் போன்ற ஆறு ஒரே இரவு மழையில் பழுப்பாகிவிடும், ஓரிரு நாளில் திரும்பிவிடும்.

கடித்தது எப்படித் தெரியும்?

ஏரி மீன் மாதிரி வெடுக்கென்று இழுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். டக், டக், டக் என்று வந்துகொண்டிருந்த தட்டல் சட்டென்று நிற்கும். சில சமயம் ரப்பரை இழுப்பது போல ஒரு கனம். சில சமயம் ஒன்றுமே இல்லாத லேசு. வழக்கமான தட்டலுக்கு மாறாக எது தெரிந்தாலும் ராடை ஆறு போகும் பக்கமாக, பக்கவாட்டில் வெட்டி இழுங்கள். பத்தில் எட்டு பாறையாக இருக்கும், பரவாயில்லை. யோசிக்கிற நேரத்தில் உல்லனைத் துப்பிவிடும்.

என்ன நிறம் வாங்கலாம்?

ஆரஞ்சு, ராணி ரோஸ், கிளிப்பச்சை, பீச், வெள்ளை. ஐந்து போதும். கலங்கலில் ஆரஞ்சையும் கிளிப்பச்சையையும் சேர்த்து வையுங்கள், தெளிந்த தண்ணீரில் பீச் அல்லது வெளிர் ரோஸ். நல்ல மிதப்பில் போகும் தப்பான நிறம், தப்பான மிதப்பில் போகும் நல்ல நிறத்தைவிட அதிகம் மீன் பிடிக்கும். ஒரு மடுவில் ஏற்கெனவே பலர் ஆரஞ்சு வீசியிருந்தால் மட்டும் நான் மாற்றுவேன்.

சினை, வாசனை எண்ணெய் சேர்க்கலாமா?

விதி அனுமதிக்கும் இடத்தில் சேர்க்கலாம். அதே கண்ணியில் உல்லனுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நுனியளவு சினைத் துண்டு நிற்கும். சினை கரைந்துபோனாலும் உல்லன் அதன் பாலை உறிஞ்சி வைத்திருக்கும். வாஷிங்டனில் தேர்ந்த சாதன விதி (selective gear rules) உள்ள ஆறுகளில் சினை போன்ற இயற்கை இரையும் கூடாது, வாசனை தடவிய செயற்கை இரையும் கூடாது. சினை தொட்ட கையோடு உல்லனைக் கட்டினாலே சிக்கல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்த ஆறுகளுக்கென்று தனிப் பெட்டி வைத்திருப்பது நல்லது.

வெறும் உல்லனில் முதல் பருவத்தை முடியுங்கள் என்பேன். சினை இருந்தால் மீன் சற்று நேரம் கூடுதலாக வாயில் வைத்திருக்கும், கை கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்காது. முள்ளை ஆழமாக விழுங்குவதும் சினையில்தான் அதிகம்.

வேறு என்ன விதிகள் தெரிந்திருக்க வேண்டும்?

வாஷிங்டனில் நன்னீர் உரிமம் வேண்டும், அது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஸ்டீல்ஹெட், சால்மனுக்குப் பிடிப்புப் பதிவு அட்டையும் வேண்டும். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உரிமம் தேவையில்லை, அட்டை தேவை. சில ஆறுகளில் மீனை வெளியிலிருந்து குத்தி இழுப்பதைத் தடுக்கும் விதி உண்டு: எடை இரைக்குக் கீழே இருக்கக்கூடாது, மேலேயும் 12 அங்குலத்துக்குள் இருக்கக்கூடாது. மேலே சொன்ன லீடர் அளவுகள் அதற்குள் அடங்கும்.

பருவத்தின் நடுவில்கூட ஒரு ஆற்றைத் திடீரென்று மூடுவார்கள். ஆகவே கிளம்பும் காலையில் மாநில மீன்வளத் துறையின் அவசர அறிவிப்பைப் பாருங்கள். நண்பர் சொன்னார் என்பது கரையில் அதிகாரியிடம் செல்லாது.

பிடித்த மீனை வைத்துக்கொள்ளலாமா?

முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சதைப்பற்றாக ஒரு சின்னக் கொழுப்புத் துடுப்பு இருக்கும். அது வெட்டப்பட்டு, ஆறிய தழும்பு தெரிந்தால் பொரிப்பக மீன். அந்த ஆற்றில் அனுமதி இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், புளிக்குழம்புக்கு அருமையான மீன். துடுப்பு முழுதாக இருந்தால் காட்டு மீன், விட்டுவிட வேண்டும். பியூஜட் சவுண்ட் (சியாட்டிலை ஒட்டிய கடல் நுழைவு) ஆறுகளின் ஸ்டீல்ஹெட் 2007-லிருந்து கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் அச்சுறுத்தலுக்குள்ளான இனம். வாஷிங்டனின் மாநில மீனே ஸ்டீல்ஹெட்தான். அந்த ஆறுகளில் அது அரிதாகிக்கொண்டு வருவதைப் பார்ப்பது வேதனை.

விடும்போது தண்ணீருக்கு மேலே தூக்காதீர்கள். வாஷிங்டனில் விட வேண்டிய ஸ்டீல்ஹெட்டை முழுதாகத் தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பதே குற்றம். கையை நனைத்து, வாலின் அடியில் ஒரு கை, வயிற்றுக்குக் கீழே ஒரு கை, தலை ஓட்டத்தை எதிர்த்து. செவுளுக்குள் விரல் விடவே கூடாது. முள்ளைக் குறடால் வந்த வழியே திருப்பி எடுங்கள். உல்லன் பல்லில் சிக்கியிருந்தால் பிடுங்காமல் கத்தரியால் இழையை வெட்டிவிடுங்கள். முள் ஆழத்தில் இருந்தால் லீடரை நறுக்கி விட்டுவிடுங்கள். மீன் தானாக உந்திப் போகும்வரை பிடித்திருங்கள்.

முள் இன்னும் கூர்மையாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

நகத்தின் மேல் நுனியை வைத்து லேசாக இழுங்கள். குத்தி நின்றால் நல்லது. வழுக்கினால் அரத்தால் தீட்டுங்கள், அல்லது மாற்றுங்கள். பாறையில் மாட்டி விடுபட்ட ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். அதே சமயம் லீடரின் கடைசி ஓரடியை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் அந்த லீடர் முடிந்தது.

ஆற்றங்கரைக் குளிரில் விரல் விறைத்துவிடுகிறது. அங்கே எப்படி இத்தனையும் கட்டுவது?

அங்கே கட்டாதீர்கள். முதல் நாள் இரவே வீட்டில் இருபது லீடர் கட்டிவிடுங்கள். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் பிடித்து மிதக்கும் நுரைக்குழாயை ஓரடிக்கு நறுக்கி, முள்ளை அதில் குத்தி, லீடரைச் சுற்றி, முனையைக் குண்டூசியால் நிறுத்திவிட்டால் சிக்காமல் வரும். அதிலேயே ஒரு பக்கம் ஆரஞ்சு, இன்னொரு பக்கம் பீச் என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். ஆற்றில் லீடர் அறுந்தால் ஸ்விவலில் ஒரு முடிச்சு, அவ்வளவே வேலை. திரும்பி வந்ததும் பயன்படுத்தியவற்றை அந்த ஈரத்தோடு பெட்டிக்குள் மூடிவைக்காதீர்கள். உல்லன் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், விடிவதற்குள் முள் துருவேறிவிடும். செய்தித்தாளில் பரப்பி ஒரு நாள் உலர்த்தி, அப்புறம் குழாயில் சுற்றுங்கள்.